கடன்குழிகள்: டாலிகஞ்ச் கோல்ஃப் திடலின் குளங்கள்

கொல்கத்தாவின் தென்பகுதியில், டாலிகஞ்ச் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே அடையக்கூடிய தூரத்தில், ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பின் திடல் பரந்து கிடக்கிறது. 1829இல் தோற்றம் பெற்ற இந்தக் கிளப், பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே இன்றும் இயங்கிவரும் கோல்ஃப் கிளப்புகளுள் மிகப் பழமையானது. விளையாட்டு வரலாற்று நூல்கள் இச்செய்தியைத் தவறாமல் குறிப்பிடும். அதற்கடுத்து அவை குறிப்பிடுவது அத்திடலின் குளங்களை. நிலம் முழுவதும் சமதளம்; அதில் ஆட்டத்தின் போக்கெங்கும் குறுக்கிடும் நீர்நிலைகள். பந்து நீரில் விழுந்தால் ஆட்டக்காரருக்கு ஓர் அடி தண்டம். கடலோர உல்லாச விடுதிகளில் செயற்கை ஏரிகளுக்கு நடுவே அமைக்கப்படும் இன்றைய திடல்களைக் கண்டு பழகியவருக்கு இதில் வியப்பேதும் இராது. ஆட்டத்தைக் கடினமாக்குவதற்கென்றே வடிவமைப்பாளர் ஒருவர் வரைபடத்தில் நீலமாகத் தீட்டிய இடங்கள் இவை என்று அவர் எடுத்துக்கொள்வார்.

டாலிகஞ்சைப் பொறுத்தவரை அந்த எண்ணம் காரணத்தையும் விளைவையும் இடம்மாற்றிவிடுகிறது. அங்கே குளங்கள் வெட்டப்பட்டது மண்ணுக்காக. தாழ்ந்த, ஈரம் வற்றாத நிலத்தில் பந்தடிக்கும் மேடைகளையும், கொடி நடப்படும் கிரீன்களையும் சற்றேனும் உயர்த்திக்கொள்ள மண் வேண்டியிருந்தது. அந்த மண் வந்த இடமே இன்று நீராக நிற்கிறது. ஆட்டவிதி அதை இடர் என்று பெயரிட்டு அழைக்கிறது. இந்தப் பெயரிடலுக்குள் மறைந்துபோன வரலாறு, கோல்ஃப் ஆட்டத்தின் வரலாற்றைவிடப் பெரியது. வங்காளக் கழிமுகத்தில் காலூன்ற நிலம் எவ்வாறு உருவாக்கப்பட்டது என்ற வரலாற்றின் ஒரு கிளை அது.

கோல்ஃப் பிறந்த நிலத்தோடு ஒப்பிட்டால் இது துலங்கும். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் கடலுக்கும் வயலுக்கும் இடையே கிடக்கும் மணற்பாங்கான மேட்டுநிலத்தை லிங்ஸ் என்பர். உழவுக்கு உதவாத நிலம். ஆடு மேயும் அளவுக்குப் புல். மழை பெய்தால் நீர் மணலுக்குள் இறங்கிவிடும். அரை மணி நேரத்தில் மீண்டும் ஆடலாம். எனவே அங்கே ஆட்டக்காரரின் பகை காற்றும் மணற்குழியும் முட்புதருமே. நீர் என்பது எப்போதாவது குறுக்கிடும் ஓடை, அல்லது வழியில் தேங்கிய அழுக்குக் குட்டை. 1744இல் எடின்பரோவின் துறைமுகப் பகுதியான லீத்தில் ஆடியவர்கள் எழுதிவைத்த 13 விதிகளே கோல்ஃபுக்கு எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய விதித்தொகுப்பு. நீரிலோ நீர் கலந்த அழுக்கிலோ பந்து விழுந்தால் அதை எடுத்து இடருக்குப் பின்னால் வைத்து ஆடலாம், எதிராளிக்கு ஓர் அடியை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. விபத்துக்கான ஏற்பாடு என்ற தொனியிலேயே அந்த விதி அமைந்திருக்கிறது. நீரை ஆட்டத்தின் நிலையான உறுப்பாக அவர்கள் கருதியதற்கு அதில் அறிகுறி இல்லை. 2019இல் சர்வதேச விதிகள் திருத்தப்பட்டபோது 'நீர் இடர்' என்ற சொல்லே நீக்கப்பட்டு, 'தண்டப் பகுதி' என்ற பொதுச்சொல் புகுத்தப்பட்டது. நீர் இருந்த இடத்தில் தண்டம் மட்டும் எஞ்சியது.

மணலில் பிறந்த இந்த ஆட்டத்தைக் களிமண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் ஸ்காட்லாந்தியர். கம்பெனிக் கால கல்கத்தாவில் அவர்களின் எண்ணிக்கையும் செல்வாக்கும் குறைந்தவை அல்ல. 1818இல் கட்டிமுடிக்கப்பட்ட அவர்களது செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் இன்றும் பழைய டல்ஹவுசி சதுக்கத்தின் விளிம்பில் நிற்கிறது. 1829இல் கிளப் டம்டம்மில் தொடங்கியது. வங்காளப் பீரங்கிப் படையின் தலைமையிடமாக விளங்கிய படைவீட்டுப் பகுதி அது. இன்று நகரின் விமான நிலையம் இருக்கும் வட்டாரம். பின்னர் ஆட்டம் வில்லியம் கோட்டையைச் சூழ்ந்த மைதானுக்கு இடம்பெயர்ந்தது. கோட்டையின் பீரங்கிகளுக்குத் தடையற்ற பார்வை வேண்டும் என்பதற்காகக் குடியிருப்புகளை அகற்றி வெட்டவெளியாக்கப்பட்ட நிலம் மைதான். படைத்துறையின் நிலமாதலால் அங்கே யாரும் தம் விருப்பம்போல் மண்ணைத் தோண்டவோ மேடு எழுப்பவோ இயலாது. கிளப்புக்கெனத் தனி நிலம் தேவைப்பட்டது. சணல் ஆலைகளின் செல்வம் ஹூக்ளியின் இரு கரைகளிலும் குவிந்துகொண்டிருந்த காலம். டண்டீ நகரிலிருந்து வந்த ஆலை மேலாளர்களும் ஏஜென்சி நிறுவனங்களின் பங்குதாரர்களும் கோல்ஃபைத் தம் ஞாயிற்றுக்கிழமைகளின் உரிமையாகவே கருதினர். 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் டாலிகஞ்சில் நிலம் கிடைத்தது.

'ராயல்' என்ற அடைமொழி வந்து சேர்ந்ததும் அப்போதுதான். 1911 டிசம்பர் 12 அன்று தில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இந்தியாவின் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என அறிவித்தார். அதே பயணத்தின் இறுதியில் மன்னரும் அரசியும் கல்கத்தாவுக்கு வந்தனர். அவ்வருகையின் நினைவாகக் கோல்ஃப் கிளப்புக்கு அரச அடைமொழி வழங்கப்பட்டது. தலைநகர் என்ற தகுதியை இழந்த நகரத்துக்குக் கிடைத்த ஆறுதல்களில் இதுவும் ஒன்று என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

டாலிகஞ்ச் என்ற பெயரே நீரோடு தொடர்புடையது. கங்கையின் பழைய போக்கான ஆதிகங்கை இப்பகுதி வழியாகவே கடலை நோக்கி ஓடியது. ஹூக்ளி வேறு வழியைப் பற்றிக்கொண்டபின் அது தூர்ந்து ஓடையாகச் சுருங்கியது. 1775 முதல் 1777 வரை வில்லியம் டாலி என்ற கம்பெனிப் படை அதிகாரி அதைத் தோண்டி, கிழக்கே வித்யாதரி ஆற்றோடு இணைக்கும் படகுக் கால்வாயாக்கிச் சுங்கம் வசூலித்தார். கால்வாய் டாலி நாலா ஆயிற்று. அதன் கரையில் எழுந்த சந்தை டாலிகஞ்ச் ஆயிற்று. கடல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தாலும் அதன் ஏற்றவற்றம் இந்தக் கால்வாய்வரை எட்டும். நகரம் கடல்மட்டத்தைவிடச் சில மீட்டர்களே உயர்ந்தது. கொல்கத்தாவைக் கடற்கரை நகரம் என்று யாரும் சொல்வதில்லை. ஆயினும் அதன் தரை கடலுக்குக் கட்டுப்பட்ட தரை.

இந்த வட்டாரத்துக்குத் தமிழக வரலாற்றோடும் ஓர் இழை உண்டு. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தபின் திப்பு சுல்தானின் மக்கள் வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டிருந்தனர். 1806 ஜூலை 10 அன்று அங்கே வெடித்த சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு, அவர்களைத் தெற்கில் விட்டுவைப்பது ஆபத்து என்று கருதிய கம்பெனி, அந்தக் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு நாடுகடத்தியது. அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட குடியிருப்பு டாலிகஞ்ச்தான். திப்புவின் இளைய மகன் குலாம் முகமது 1842இல் தர்மதலாவில் கட்டிய பள்ளிவாசல் இன்றும் நகரின் அடையாளங்களுள் ஒன்று. கோல்ஃப் திடலுக்கு அருகே ஓடும் பிரின்ஸ் அன்வர் ஷா சாலையின் பெயரும் அந்தக் குடும்பத்தினுடையதே. 1895இல் தொடங்கப்பட்ட டாலிகஞ்ச் கிளப், இன்னொரு கோல்ஃப் திடலைக் கொண்டது, மைசூர் இளவரசர்களோடு தொடர்புடைய தோட்டத்தில்தான் அமைந்திருக்கிறது. வேலூரின் அகழியைக் கடந்து வந்தவர்களின் வாரிசுகள் வாழ்ந்த சதுப்பு நிலம், ஒரு நூற்றாண்டுக்குள் ஐரோப்பியரின் ஓய்வுக்கான பசும்புல்லாக மாறியது. காலனியக் கல்கத்தாவின் தென்புறம் முழுவதற்குமே இத்தகைய கைமாற்றங்களின் வரலாறு உண்டு. ஆய்வாளர்கள் வடக்கு நகரத்துக்குத் தந்த கவனத்தில் பாதியைக்கூட அதற்குத் தரவில்லை.

இனி மண்ணுக்கு வருவோம். வங்காளக் கிராமத்தில் வீடு கட்ட முனைபவர் முதலில் செய்வது குளம் வெட்டுவது. வெட்டிய மண்ணைக் குவித்து 'பிட்டே' எனப்படும் வீட்டுமேட்டை எழுப்புவார். வெள்ளம் வரும்போது மேடு காக்கும். வெள்ளம் வடிந்தபின் 'புகுர்' எனப்படும் குளம் குளிக்கவும் மீன் வளர்க்கவும் வாத்து விடவும் உதவும். மேடும் குளமும் ஒரே உழைப்பின் இரு விளைவுகள். ஒன்றின் கன அளவே மற்றதன் கன அளவு. தமிழகத்து ஏரி இதற்கு நேர்மாறான அறிவில் பிறந்தது. சரிந்து செல்லும் நிலத்தில் ஓடிவரும் மழைநீரைக் கரையிட்டுத் தடுத்து நிறுத்துவது ஏரி. நீருக்காகவே மண் அணையாகிறது. கழிமுகத்து வங்காளத்தில் நீருக்குப் பஞ்சமில்லை, காய்ந்த மண்ணுக்கே பஞ்சம். ஆகையால் அங்கே மண்ணுக்காக நீருக்கு இடம் விடப்படுகிறது. இரண்டையுமே ஆங்கிலேயர் 'டேங்க்' என்ற ஒரே சொல்லால் குறித்தனர். தென்னிந்தியப் பாசன ஏரியைப் பற்றி எழுதும் ஆய்வுகளும் வங்காளப் புகுரைப் பற்றி எழுதும் ஆய்வுகளும் சில நேரம் ஒன்றோடொன்று குழம்புவதற்கு இந்தச் சொல்லும் ஒரு காரணம்.

டாலிகஞ்ச் திடலை அமைத்தவர்கள் கடைப்பிடித்தது இந்தக் கிராமத்து முறையையே. நெல் விளைந்த தாழ்நிலத்தை அப்படியே சமன்செய்து புல் வளர்த்திருந்தால் ஜூன் முதல் செப்டம்பர்வரை அது வயலாகவே நின்றிருக்கும். ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்யும் மழையில் பெரும்பகுதி அந்த நான்கு மாதங்களுக்குள் கொட்டிவிடுகிறது. மேடைகளையும் கிரீன்களையும் உயர்த்தினால் மட்டும் போதாது. உயர்த்திய இடத்திலிருந்து வழியும் நீருக்கு ஒரு கொள்ளிடம் வேண்டும். குளம் அதையும் செய்தது. பின்னர் வறண்ட மாதங்களில் புல்லுக்குத் தெளிக்கும் நீரும் அதிலிருந்தே கிடைத்தது. மண் தரும் சுரங்கம், மழைநீரின் வடிகால், கோடையின் நீர்த்தொட்டி என்ற மூன்று பணிகளுக்குப் பிறகே ஆட்டத்தின் இடர் என்ற நான்காவது பணி அதற்கு வந்து சேர்ந்தது. புல்லும் உள்ளூருடையதே. வங்காளத்தில் தூர்வா என்றும் இந்தியில் தூப் என்றும் வழங்கும் அந்தப் புல், பிள்ளையாருக்குச் சூட்டும் அறுகு. மேற்குலகக் கோல்ஃப் நூல்கள் அதே இனத்தைப் பெர்முடா புல் என்ற பெயரில் அறியும். ஆட்டம் ஸ்காட்லாந்துடையது, அதன் அடியில் இருந்த மண்ணும் புல்லும் நீரும் வங்காள உழவர்களின் நூற்றாண்டு அறிவால் ஒழுங்குபடுத்தப்பட்டவை.

மண்வேலையின் கணக்கு முறையை இங்கே சற்று நின்று பார்ப்பது தகும். சாலைக்கும் ரயில்பாதைக்கும் கரை எழுப்ப அருகில் மண்ணெடுக்கும் பள்ளத்தைப் பொதுப்பணித் துறையின் ஆங்கிலத்தில் 'பாரோ பிட்' என்பர். தமிழில் சொல்வதானால் கடன்குழி. எடுத்த மண்ணை யாரும் திருப்பித் தந்ததில்லை. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. மண்வெட்டுவோருக்குக் கூலி கன அடிக் கணக்கில். எவ்வளவு ஆழம் வெட்டப்பட்டது என்பதை அளக்க, பள்ளத்தின் நடுவே ஆங்காங்கே வெட்டாத மண்திட்டுகளை விட்டுவைப்பர். அளந்து கூலி கொடுத்தபின் அவற்றையும் வெட்டி எடுத்துவிடுவர். ஆண்கள் மண்வெட்ட, பெண்கள் கூடையில் சுமந்து மேட்டுக்கு ஏற்றுவர். இந்தியாவின் ரயில்பாதைகளும் கால்வாய்களும் இந்த முறையில் உருவானவையே. நீராவித் தோண்டிகள் புழக்கத்துக்கு வந்த பிறகும் கூலி மலிவாக இருந்த வரையில் கூடையே நீடித்தது. கிளப் வரலாறுகளில் கோப்பைகளும் தலைவர்களும் வெற்றியாளர்களும் ஆண்டுவாரியாகப் பதிவாகியிருக்க, இந்தக் கூடைகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதப்படாத மரபு உலகெங்கும் உள்ளது. வெட்டாத மண்திட்டைப்போலவே, அளவு முடிந்ததும் அந்தச் சாட்சியமும் அகற்றப்பட்டுவிட்டது.

இதற்கு ஒரு மறுகோடி எடுத்துக்காட்டு அமெரிக்காவின் புளோரிடாவில் உண்டு. பொன்டே வேத்ரா கடற்கரையை அடுத்த சதுப்புநிலம் 415 ஏக்கர் ஒரே ஒரு டாலருக்கு வாங்கப்பட்டு, பீட் டை என்ற வடிவமைப்பாளரின் கையில் கோல்ஃப் திடலாக மாறி 1980இல் திறக்கப்பட்டது. டி.பி.சி. சாக்ராஸ் எனும் அத்திடலின் 17ஆவது குழி இன்று உலகின் மிகப் புகழ்பெற்ற நீர் இடர். நாற்புறமும் நீர், நடுவே தீவாகக் கிரீன். அந்தத் தீவு முதல் வரைபடத்தில் இல்லை. திடலின் மற்றப் பகுதிகளை உயர்த்த நல்ல மணல் தேவைப்பட்டது. அந்த இடத்தில் கிடைத்த மணல் தரமாக இருந்ததால் தோண்டிக்கொண்டே போயினர். இறுதியில் கிரீன் அமைக்க வேண்டிய இடத்தைச் சுற்றிப் பெரும்பள்ளம் மட்டும் மிஞ்சியது. அதை நீரால் நிரப்பித் தீவாக்கிவிடலாம் என்று யோசனை சொன்னவர் டையின் மனைவி ஆலிஸ் டை. அவரும் தேர்ந்த ஆட்டக்காரர், வடிவமைப்பாளர். டாலிகஞ்சில் எழுபது ஆண்டுகளுக்கு முன் நடந்ததும் இதுவே: தாழ்நிலம், மண்ணின் தேவை, எஞ்சிய பள்ளம், நீர், அதன்பின் ஆட்டம். வேறுபாடு கதை சொல்லப்படும் விதத்தில் இருக்கிறது. புளோரிடாவில் பள்ளத்துக்கு ஆசிரியர் உண்டு, யோசனைக்கு உரிமையாளர் உண்டு, கதை ஒவ்வோர் ஆண்டும் தொலைக்காட்சியில் மறுபடி சொல்லப்படுகிறது. வங்காளத்தில் அது ஊர்வழக்கம். ஊர்வழக்கத்துக்குக் காப்புரிமை இல்லை.

ஆடும் முறையையும் இந்த மண்கணக்கு தீர்மானித்தது. ஏரிக்கரை மேட்டில் இருந்தால் தொலைவிலிருந்தே தெரியும். தரைமட்டத்துக்குக் கீழே வெட்டிய குளம் அப்படித் தெரியாது. சமதளத்தில் நிற்பவரின் கண்ணுக்கு இருநூறு கஜத்துக்கு அப்பால் உள்ள நீர் புல்லின் தொடர்ச்சியாகவே தோன்றும். பந்து மறைந்தபின்பே நீர் இருந்தது தெரியவரும். எனவே பந்தின் போக்கைப் பார்த்துச் சொல்ல ஆட்டக்காரருக்கு முன்னே ஓர் ஆளை அனுப்பும் வழக்கம் இந்தியத் திடல்களில் வேரூன்றியது. அவரை 'ஆகேவாலா' என்பர், முன்னே செல்பவர் என்று பொருள். பை சுமக்கும் கேடி ஒருவர், முன்னோடும் ஆகேவாலா ஒருவர் என ஒரு துரையின் ஆட்டத்துக்கு இருவர் உழைத்தனர். ஸ்காட்லாந்தில் காற்றை அறிந்தவர் கெட்டிக்கார ஆட்டக்காரர் என்றால், டாலிகஞ்சில் குளத்தின் விளிம்பை அறிந்தவரே அவர். அந்த அறிவு முதலில் ஊழியரிடமே இருந்தது.

டாலிகஞ்சில் நடந்தது தனி நிகழ்ச்சி அன்று என்பதற்கு, திடலுக்கு வடக்கே சிறிது தொலைவில் உள்ள ரவீந்திர சரோவர் சான்று. 1912இல் நிறுவப்பட்ட கல்கத்தா மேம்பாட்டு அறக்கட்டளை 1920களில் டாக்குரியாவை அடுத்த சதுப்பும் புதருமான 192 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தி, 73 ஏக்கர் பரப்பில் ஓர் ஏரியை வெட்டியது. அந்த மண் சுற்றியிருந்த தாழ்நிலத்தை வீட்டுமனைகளாக உயர்த்தப் பயன்பட்டது. இன்று அழகுக்காகவும் படகோட்டத்துக்காகவும் போற்றப்படும் அந்த ஏரி, பிறப்பில் ஒரு கடன்குழி. 1958இல்தான் அதற்குக் கவியின் பெயர் வைக்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அதே 1920களில் சென்னையில் இதற்கு நேரெதிரான செயல் நிகழ்ந்துகொண்டிருந்தது. மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நீண்டு கிடந்த மாம்பலம் ஏரி, அதாவது நீண்ட ஏரி, நீர் வடிக்கப்பட்டு, தூர்க்கப்பட்டு, தியாகராய நகர் மனைகளாயிற்று. வீட்டுக்கு நிலம் வேண்டிய கல்கத்தா ஏரியை வெட்டியது. வீட்டுக்கு நிலம் வேண்டிய சென்னை ஏரியைத் தூர்த்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையின் நீர்நிலைகளைப் பற்றிப் பேசியோர் இந்த ஒப்பீட்டைச் செய்திருந்தால் பயன் விளைந்திருக்கும்.

ஆனால் கல்கத்தாவும் எப்போதும் அந்த அறிவோடு நடந்துகொண்டதாகச் சொல்ல இயலாது. 1960களில் நகரின் கிழக்கே உப்பேரிகள் ஹூக்ளியின் வண்டலைக் குழாய்வழியே கொண்டுவந்து நிரப்பப்பட்டு சால்ட் லேக் நகரமாயின. மண் வேறிடத்திலிருந்து வந்ததால் அதற்கு ஈடான குளம் அங்கே பிறக்கவில்லை. இருந்த நீர் போயிற்று, அவ்வளவே. கல்கத்தாவின் நிலமே சட்டத்தாலும் மண்ணாலும் நீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட சொத்து என்பதைத் தேவ்ஜானி பட்டாச்சார்யா 2018இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக நிறுவியுள்ளார். எது நிலம், எது நீர் என்று கோடு கிழிக்கும் அதிகாரமே நகரத்தின் முதல் மூலதனம் என்ற அவரது வாதத்தை டாலிகஞ்ச் திடலுக்கும் பொருத்திப் பார்க்கலாம். அங்கே கோடு ஆட்டவிதியாலும் கிழிக்கப்பட்டது என்பதுதான் கூடுதல்.

1947க்குப் பிறகு இந்தக் கோட்டின் மறுபுறத்தில் வேறொரு மக்கள்திரள் வந்து சேர்ந்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து ஏதிலிகளாக வந்தோர் டாலிகஞ்சுக்கும் ஜாதவ்பூருக்கும் இடைப்பட்ட காலிநிலங்களில் தாமே குடியேறினர். போர்க்காலப் படைமுகாம் கைவிடப்பட்டுக் கிடந்த இடத்தில் எழுந்த விஜயகட் அவற்றுள் முன்னோடி. அவர்களும் கழிமுகத்து மக்கள். தாழ்நிலத்தில் எப்படி வாழ்வது என்பது அவர்களுக்குத் தெரியும். பள்ளம் தோண்டி, மண்ணைக் கூட்டி, மூங்கில் தட்டி வைத்து எழுந்த அக்குடியிருப்புகளின் குளங்களும் கோல்ஃப் திடலின் குளங்களும் ஒரே முறையில் பிறந்தவை. ஒன்று நகராட்சிப் பதிவேட்டில் நெடுங்காலம் ஆக்கிரமிப்பாக இருந்தது; மற்றது அரச அடைமொழியோடு இருந்தது. இன்று கோல்ஃப் கிரீன், கோல்ஃப் கார்டன்ஸ், கோல்ஃப் கிளப் சாலை என்று அவ்வட்டாரத்தின் வீட்டு முகவரிகளெல்லாம் மதில் உள்ள பக்கத்தின் பெயரையே தாங்கியுள்ளன.

அந்த ஏதிலிக் குடியிருப்புகளின் குளங்கள் பலவும் இப்போது இல்லை. மனைவிலை ஏற ஏற, ஒவ்வொரு புகுரும் குப்பையாலும் கட்டட இடிபாட்டாலும் மெல்ல நிரப்பப்பட்டு ஒருநாள் அடுக்குமாடியாகிறது. ஐந்து கட்டாவுக்கும் அதற்கு மேற்பட்ட பரப்புக்கும் குளத்தைத் தூர்ப்பதை மேற்கு வங்க உள்நாட்டு மீன்வளச் சட்டம் தடைசெய்கிறது. 1984இன் சட்டம், 1993இல் அந்தத் தடை சேர்க்கப்பட்டது. நீர்நிலையைக் காக்கும் பொறுப்பை மீன்வளச் சட்டத்தில் வைத்தது வங்காளத்துக்கே உரிய நுட்பம். இருந்தும் சட்டத்தைவிட மதில் வலிமையாக இருப்பதையே டாலிகஞ்ச் காட்டுகிறது. வெளியாருக்கு அனுமதியில்லாத தனியார் திடலுக்குள் நூறாண்டுக் குளங்கள் நீரோடு நிற்க, எல்லோருக்கும் பொதுவாக இருந்த தெருக்குளங்கள் மறைந்தன. ஆதிகங்கையின் படுகையிலேயே மெட்ரோ ரயிலின் தூண்கள் ஊன்றப்பட்ட வட்டாரம் அது. பொதுநலத்தைக் காக்கும் பணியை வரம்புக்குட்பட்ட உறுப்பினர் கூட்டம் ஒன்று, தன் ஆட்டத்துக்காக, அறியாமலே செய்துவந்திருக்கிறது என்பதைச் சூழலியலாளர் மகிழ்ச்சியோடு ஏற்கவும் இயலாது, எளிதில் மறுக்கவும் இயலாது. திடலைப் பூங்காவாக்க வேண்டும் என்ற குரலும், விட்டால் அதுவும் மனையாகிவிடும் என்ற குரலும் இந்திய நகரங்கள் அனைத்திலும் கோல்ஃப் திடல்களைக் குறித்து எழுவதுண்டு. இரண்டாவது குரலின் அச்சம் வரலாற்றுச் சான்றுகளோடு பொருந்துகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆட்டத்துக்குள்ளேயும் மதில் சில இடங்களில் கரைந்தது. 1964இல் தொடங்கிய இந்திய ஓப்பன் போட்டி மறு ஆண்டு ராயல் கல்கத்தாவில் நடந்தபோது, வெளிநாட்டுத் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்று பட்டம் பெற்றவர் பி. ஜி. சேத்தி என்ற இந்தியர். தொழில்முறை ஆட்டக்காரர் அல்லாத ஒருவர் அப்பட்டத்தை வென்றது பெரும் வியப்பு. அடுத்த இந்திய வெற்றியாளருக்கு 1991வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு வென்ற அலி ஷேர், தில்லித் திடலில் கேடியாக வாழ்க்கையைத் தொடங்கியவர்.

டாலிகஞ்சுக்கும் அத்தகைய ஒருவர் உண்டு. 1978இல் பிறந்த எஸ். எஸ். பி. சௌராசியாவின் தந்தை ராயல் கல்கத்தா திடலின் புல்லைப் பராமரித்த ஊழியர். மகன் அத்திடலிலேயே வளர்ந்து, பார்த்துப் பார்த்துத் தானே ஆட்டத்தைக் கற்றார். 2008இல் தில்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியில் ஐரோப்பியச் சுற்றின் ஆட்டக்காரர்களை வென்றார். 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகளிலும் தொடர்ந்து இந்திய ஓப்பன் பட்டத்தைப் பெற்றார். நெடுந்தொலைவு அடிப்பதில் அவர் பெரியவர் அல்லர். கிரீனின் விளிம்பிலிருந்து பந்தை மெல்லத் தூக்கிக் குழியருகே வைக்கும் குறுகிய அடிகளில்தான் அவரது திறமை. உடன் ஆடுவோர் அந்த அடிகளின் பெயரையே அவர் பெயரோடு பிணைத்துச் 'சிப்புட்சியா' என்று அழைக்கின்றனர். அந்தக் கையை அவர் பழக்கிக்கொண்டது, குளத்து மண்ணால் சில அடி உயர்த்தப்பட்ட கிரீன்களின் சரிவில், நீருக்கு மிக அருகில்.